சீனிச்சாமிக்கு எடுத்த நீர்மாலை

சீனிச்சாமி விழுந்த சேதி எருக்கலாம்பட்டி வடக்குத் தெருவுக்கு வந்தபோது, தெருவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பம்புசெட்டுப் பாதையிலிருந்து ஓடி வந்தவனுக்கு வாய் குழறியது. "சீனிச்சாமி அண்ணே சைக்கிளோட விழுந்து கெடக்காரு. பேச்சும் இல்ல, மூச்சும் இல்ல" என்றான். மறு நிமிஷம் வேன் காலி. இன்றைக்கு லோடு போக வேண்டிய நாளாயிற்றே என்று டிரைவர் முணுமுணுத்ததை யாரும் சட்டை செய்யவில்லை.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். முந்தின வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு மறுபடியும் சைக்கிளை எடுத்தார். காட்டுக் கிணற்றிலிருந்து நாலு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு, குண்டும் குழியுமான பாதையில் சித்திரை மாதத்தில் மிதித்தால் இளவட்டங்களுக்கே நாக்குத் தள்ளும். இவர் தன் வீட்டுக்கு மட்டுமா மிதித்தார்? புதிதாகப் பிள்ளை பெற்ற வள்ளித்தாய் வீட்டுக்கு, ஆள் துணை இல்லாத வீட்டுக்கு என்று தெருவுக்கே மிதித்தார். விழுந்த வேகத்தில் குடமெல்லாம் அவர் மேலேயே கவிழ்ந்துவிட்டது. கரிசல் மண்ணும் தண்ணீரும் குழைந்து முகத்திலும் மீசையிலும் மார்பிலும் அப்பிக் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் பெண்டாட்டி வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மண் போகவில்லை. தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் ஓடியவள், வெறும் குடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீர்தான் பாதையில் கொட்டிக் கிடக்கிறதே. கடைசியில் முந்தானை நுனியில் எச்சிலைத் தொட்டு, குழந்தைக்குத் துடைப்பதுபோல் கண்ணிமையை மட்டும் துடைத்துவிட்டாள்.

அப்போதே அவள் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. இந்த மனிதனைக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும். முறைப்படி நீர்மாலை எடுத்து, கூடப்பிறந்தவன் கையால் தலைக்கு ஊற்றி, பொழுது சாய்வதற்குள் சுத்தமாக அனுப்ப வேண்டும். வேறு எந்த நினைப்பும் அவளுக்கு ஓடவில்லை. அழுகைகூட இடையிடையேதான் வந்தது.

செத்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரை அந்தப் பக்கத்தில் வீட்டுக் குடத்திலிருந்து சாய்த்துவிட முடியாது. பங்காளிகள் தலை நனைந்து ஈர வேட்டியோடு போக வேண்டும். முன்னால் சங்கு ஊதுகிறவர் நடக்க, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடிக்க, தண்ணீர் புறப்படுகிற இடத்துக்கே போய், கழுத்தில் பூச்சுற்றிய குடத்தில் எடுத்து வர வேண்டும். அதுதான் நீர்மாலை. முன்பெல்லாம் ஊர்க் கிணற்றுக்குப் போனார்கள். கிணறு வற்றியதும் தெருக்குழாய்க்குப் போனார்கள். அந்தத் தெருக்குழாய்தான் இப்போது வாயடைத்து நிற்கிறது. காட்டுக் கிணறு அடுத்தவர் தோட்டத்தில் இருப்பது; குடிக்கத் தருவார்கள், சாவுக் காரியத்துக்கு விட மாட்டார்கள்.

அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருசமாக மழை ஏமாற்றியிருந்தது. எங்கோ ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் போட்டு ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். கூடவே ஒரு தீர்மானமும் வந்தது. இனி வீட்டுக்கு வீடு குழாய், அதற்கு முன்பணம், மாதாமாதம் தண்ணீர்க் கட்டணம், தெருக்குழாய் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் கருத்தப்பாண்டி தோட்டம் துரவு உள்ளவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மோட்டாருக்குக் கரண்டுப் பில் யார் அப்பன் கட்டுவான் என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கிழக்குத் தெருக்காரர்கள் மறு வாரமே கட்டிக் குழாய் வாங்கிவிட்டார்கள்.

வடக்குத் தெரு கட்டவில்லை. கூலி வேலை பார்த்த கைகள் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த தெரு அது. குடியரசு தினக் கிராம சபையில் சீனிச்சாமி எழுந்து, "பட்டாசு மருந்துக்குள்ள நின்னு சாகுறவன், வீட்டுக்கு வந்து மேலு கழுவுற தண்ணிக்கும் காசு கட்டணும்னா எப்படிங்க? ஒருத்தர் வீட்டுக்குக் குழாய் வந்தாலும் தெருக்குழாய மூடிருவீக. இல்லாதவன் எங்க போவான்?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே காளியம்மன் கோயிலில் தெருவே கூடியது. வீட்டுக்கு ஒருவர் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: வீட்டுக் குழாய் வாங்க மாட்டோம், கட்டணம் கட்ட மாட்டோம். பஞ்சாயத்து தெருக்குழாய்க்குப் போகும் வால்வை அடைத்துப் பூட்டியது. காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், மனுக் கொடுத்தார்கள், போலீஸ் வேனில் ஏறி இறங்கினார்கள். பூட்டு மட்டும் திறக்கவில்லை.

சத்தியம் செய்த சூடு ஆறுவதற்குள் அதை மீறியவன் வேறு யாருமில்லை, சீனிச்சாமியின் உடன்பிறந்த தம்பி முனியராஜ்தான். அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்விக்கு மருந்து அறையில் வேலை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது தலைமுடியிலிருந்து கால் நகம்வரை வெள்ளிப் பவுடராக மினுங்குவாள். உடம்பைத் தேய்த்துக் கழுவாமல் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது. கொடுத்தாள். தண்ணீர் இல்லாத நாட்களில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். பிள்ளைக்கு வாயைச் சுற்றிலும் புண் வந்துவிட்டது. முனியராஜ் யாரிடமும் சொல்லாமல் பணத்தைக் கட்டினான். தெருவின் கடைசி வீடு என்பதால் கிழக்குத் தெருக் குழாயிலிருந்து பின்வாசல் வழியாக இணைப்பு வந்தது. ஈரம் எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? தெரு அவனை ஒதுக்கி வைத்தது. பேச்சு வார்த்தை, நல்லது கெட்டது எதுவும் கிடையாது. சீனிச்சாமியும் அதற்குத் தலையாட்டினார். தம்பிக்காகச் சலுகை காட்டினால் பிறகு அவர் பேச்சை யார் கேட்பது?

இதோ, இப்போது கெட்டது வந்துவிட்டது. அண்ணன் வீட்டு வாசலுக்கு வர முடியாமல் முனியராஜ் தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

தெருப் பெரியவர் வேலுச்சாமி வந்து வேலுத்தாய் பக்கத்தில் குத்தவைத்தார். தெருவில் நாலு பேர் சேர்ந்து அவரைப் பேச அனுப்பியிருந்தார்கள். "தாயி, மனசக் கல்லாக்கிக்கோ. சீனி உயிர விட்டது தண்ணிக்கு. அவனச் சும்மா தூக்கிட்டுப் போயிட்டோம்னா அம்புட்டும் வீணாப் போயிரும். ரோட்டுல கொண்டு வைப்போம். தெருக்குழாயத் தெறந்தாத்தான் தூக்குவோம்னு சொல்லுவோம்."

"வெயிலு இப்பிடி அடிக்குதே மாமா. அவரு தாங்குவாரா" என்றாள் வேலுத்தாய். செத்தவருக்கு என்ன தாங்குவது தாங்காதது என்று வேலுச்சாமி சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியது.

"அவன் இருந்தா என்ன சொல்லுவான், நீயே சொல்லு" என்றார்.

அவர் இருந்தால் கட்டிலில் ஒரு கால் பிடித்து அவரே தூக்கியிருப்பார். "தூக்குங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர்மாலைய மட்டும் என் கொழுந்தன் எடுக்கட்டும் மாமா. எனக்குப் பயலா இருக்கான், ஒத்தப் பொம்பளப் பிள்ளதான். அவன விட்டா அவருக்கு யாரு" என்றாள்.

"அத அப்பறம் பாப்போம் தாயி" என்று எழுந்துவிட்டார் வேலுச்சாமி.

தெரு முக்கில் சிவகாசி ரோட்டின் குறுக்கே கட்டிலைப் போட்டார்கள். பக்கத்திலேயே அந்தத் தெருக்குழாய், அடியில் சிமெண்டுத் தளம் வெடித்து, பல்லிளித்துக்கொண்டு நின்றது. நாலு கம்பை நட்டுச் சேலையைக் கட்டி நிழல் பண்ணினார்கள். விருதுநகர் பஸ் நின்றது, அதன் பின்னால் காலண்டர் ஏற்றிய லாரி நின்றது, கம்பெனி வேன்கள் நின்றன. வேலுத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். மண் காய்ந்து அவர் முகத்தில் வெடிப்பு விட்டிருந்தது. அவள் விரலால் ஒரு பொருக்கை உரிக்கப் பார்த்தாள். மீசை மயிரும் சேர்ந்து வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து அவள் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. யாரோ ஒரு சொம்பில் காட்டுக் கிணற்று உப்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். மகள் ஓவியாவைக் குடிக்கச் சொன்னாள். எட்டாவது படிக்கிற பிள்ளை, அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார், மிரட்டினார், பிறகு கெஞ்சினார். பொழுது மேற்கே சாயத் தொடங்கிய பிறகுதான் கருத்தப்பாண்டி வந்தார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, கட்டில் பக்கம் போய்த் துண்டை இறக்கிக் கும்பிட்டார். சண்டை போட்ட ஆளென்றாலும் சாவு வீட்டு முறை தெரிந்தவர். "ஏப்பா வேலுச்சாமி, நிரந்தரமாத் தெறக்க என் ஒருத்தன் கையில அதிகாரம் இல்ல. நீர்மாலைக்குத் தெறந்துவிடச் சொல்றேன். ஒரு மணி நேரம் விடுவாக. எடுத்துட்டு மரியாதையாத் தூக்கிருங்க" என்றார்.

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு ஓடியது. முழுசாகத் திறக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றான் ஒருவன். வேலுத்தாய் வேலுச்சாமியைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையசைத்துவிட்டார். அவளுக்கு மூச்சு வந்தது.

ஆள் போய் வால்வைத் திறந்ததும் குழாய் முதலில் இருமியது. துருத் தண்ணீர் கொஞ்சம் துப்பியது. பிறகு வெள்ளையாக, கை தடிமனுக்குக் கொட்டத் தொடங்கியது. சங்கு ஊதினார்கள். பூச்சுற்றிய பித்தளைக் குடம் வந்தது. வெள்ளைத் துணியை நாலு பக்கமும் விரித்துப் பிடித்தார்கள். "பங்காளிக வாங்கப்பா" என்று வேலுச்சாமி கூப்பிட்டார். தூரத்துப் பங்காளி ஒருவர் முன்னே வந்து குடத்தில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து முனியராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான். சட்டை இல்லை, இடுப்பில் வேட்டி. "எங்கண்ணனுக்கு நாந்தான் எடுக்கணும்" என்றான்.

"சூடத்த அணைச்ச கை ஆறுறதுக்குள்ள காசக் கட்டுனவன் நீ. ஓங் கை பட்ட தண்ணி அவன் மேல படக்கூடாது" என்றார் வேலுச்சாமி.

"தெருவுக்கு நான் துரோகி, ஒத்துக்கிறேன். எங்கண்ணனுக்கு நான் தம்பியில்லையா?"

"அவனே ஒன்னத் தம்பி இல்லன்னுட்டான்லே."

பற்றிக்கொண்டது. தம்பிதான் எடுக்க வேண்டும் என்று பத்துப் பேர், கூடாது என்று இருபது பேர். அத்தோடு விட்டார்களா? எவன் தாத்தா காலத்தில் எவன் எவனுக்கு நீர்மாலை எடுத்தான், யார் மூத்த வழி, யார் இளைய வழி என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தார்கள். பித்தளைக் குடத்தை ஒருவர் ஒரு பக்கம் இழுக்க, இன்னொருவர் இன்னொரு பக்கம் இழுத்தார். சங்குக்காரர் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று பார்த்து நின்றார். "அவன் எடுக்கட்டும் மாமா, விடுங்க மாமா" என்று வேலுத்தாய் கட்டிலிலிருந்து கத்தினாள். அவள் குரல் கம்மிப்போய்ப் பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஊற்றி, சிமெண்டுத் தளத்தில் வழிந்து, ரோட்டோரம் ஓடியது. வள்ளித்தாயின் மாமியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "வீணாப் போகுதே" என்று சொல்லி ஒரு குடத்தை எடுத்துவந்து வைத்தாள். அது நிறைந்தது. அதை எடுத்த இடத்தில் இன்னொருத்தி குடம் வைத்தாள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொம்பளைகள் வீட்டுக்கு ஓடினார்கள்; குடம், வாளி, அண்டா, சோற்றுப் பானை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தூக்கி வந்தார்கள். பொழுதெல்லாம் ஒப்பாரி வைத்த வாய்கள் வரிசைக்குச் சண்டை போட்டன. வரிசையில் ஓவியாவும் நின்றாள். அழுத முகத்தோடு, ஆளுக்குப் பெரிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவளை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அவளுக்குப் பழகிய வேலை. வேலுத்தாய் அதையும் பார்த்தாள்.

தண்ணீர் மெலிந்தது, நூலாக வந்தது, நின்றது. சொன்னபடி பூட்டிவிட்டார்கள்.

ஆம்பிளைகள் சண்டையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது தெருவில் நிறைந்த குடங்களாக இருந்தன. பித்தளைக் குடம் மட்டும் காலியாக ஆள் கையில் தொங்கியது. வள்ளித்தாயின் மாமியார் தன் குடத்தைக் கொண்டுவந்து, "இதை ஊத்துங்களேன்" என்றாள். "குடத்துத் தண்ணி நீர்மாலைக்கு ஆகாது" என்றார் வேலுச்சாமி. அப்போதும் முறை தவறாமல் பேசினார் மனிதர். கருத்தப்பாண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் விருதுநகர் கிளம்பிப் போய்விட்டார் என்று பதில் வந்தது. தெரு முழுக்கத் தண்ணீர் இருந்தது, அந்தத் தெருவுக்கு நாயாக அலைந்தவனுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

வேலுத்தாய் எழுந்தாள். பிணத்தின் தலைமாட்டை விட்டுத் தாலிக்காரி எழுந்து போகக் கூடாது. "எங்க போற தாயி" என்று நாலு கை தடுத்தது. அவள் பித்தளைக் குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்தாள்.

"காலையில இருந்து நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டேன். வெயில்லயும் போட்டாச்சு. இனியும் அவரு மண்ணோட கெடக்க வேண்டாம்" என்றாள். பிறகு முனியராஜைப் பார்த்து, "வாய்யா" என்றாள்.

"மதினி" என்று பின்னாலேயே ஓடினான். அவள் நிற்கவில்லை. வேலுச்சாமி குறுக்கே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். சங்கு ஊதுகிறவர் யோசித்து யோசித்து, பின்னால் நடந்தார்.

கடைசி வீட்டுப் பின்வாசலில் அந்தக் குழாய் இருந்தது. கிழக்குத் தெருவுக்கு வழக்கமாகத் தண்ணீர் விடுகிற நேரம். பாண்டிச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தெரு ஒதுக்கி வைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. பிள்ளையின் வாய்ப் புண் ஆறி, தோல் புதிதாக இருந்தது. "அக்கா" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள். முனியராஜ் தலை நனைக்க வாளியைத் தூக்கிக்கொண்டு தட்டி மறைவுக்குப் போனான்.

வேலுத்தாய் குடத்தை வைக்கக் குனிந்தாள். தண்ணீர் அவள் கையில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். குடத்தை எப்போது ஓரமாக நகர்த்தினாள், எப்போது இரண்டு கையையும் ஏந்தினாள் என்பதெல்லாம் தெரியாது. குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். மூக்கிலும் கழுத்திலும் வழிய, ரவிக்கை நனைய, மாடு குடிப்பதுபோல் குடித்தாள். உப்புக் கரிக்காத தண்ணீர் தொண்டையில் இறங்கி, காலையிலிருந்து அடைத்துக் கிடந்ததையெல்லாம் கரைத்தது. அங்கே ரோட்டில் அவர் மண்ணோடு கிடப்பது ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட வேண்டாம் என்று போனவர் அவர். ஞாபகம் வந்தும் அவளால் கையை எடுக்க முடியவில்லை.

பாண்டிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருப்பக்கம் சங்கு ஊதியது. முனியராஜ் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து, குடம் காலியாக இருப்பதைப் பார்த்தான்.

"அக்கா, பொழுது போகுதுக்கா. குடத்த வைங்க" என்றாள் பாண்டிச்செல்வி மெதுவாக.

"இருடி, இன்னும் ஒரு வாய் குடிச்சிக்கிறேன்" என்று சொல்லி, அழுதுகொண்டே மறுபடியும் குனிந்தாள் வேலுத்தாய்.